ரோஸ் தோசையும் சிவப்புக் கிண்ணமும்

பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில் கலந்து கல்லில் ஊற்றினால் ஈரமண் மாதிரி ஒரு வாசனை வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால், சுங்குவார்சத்திரத்தில் எங்கள் ஒற்றை அறை வீடு முழுக்க அந்த வாசனைதான்.

மகள் யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. தயிர்சாதம், வெள்ளைத் தோசை, பிஸ்கட்... வேறு எதுவும் உள்ளே இறங்காது. சாம்பாரில் ஒரு கேரட் துண்டு கண்ணில் பட்டால் போதும், தட்டையே தள்ளிவிடுவாள்.

அங்கன்வாடியில் மாசாமாசம் எடை பார்ப்பார்கள். ஒரு நாள் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, மூணு மாசமா வெயிட்டு ஏறவே இல்ல. புள்ளைக்கு வூட்ல இன்னாதான் குடுக்கறீங்க?"

நானும் என் மனைவி செல்வியும் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட். விஷயத்தைச் சொன்னதும் செல்வி அழுதே விட்டாள்.

"தென்காசியில எங்க அக்கா வீட்ல கொண்டு விட்டிருவோம். அங்கன நாலு பிள்ளைகளோட சேந்து சாப்பிடுவா. இங்க நாம ரெண்டு பேரும் ஓடுதோம், பிள்ளைய யாரு பாக்கா?"

அடுத்த மாசமும் எடை ஏறவில்லையென்றால் அனுப்பிவிடலாம் என்று முடிவானது. பிள்ளை இல்லாமல் அந்த அறைக்குள் எப்படி நுழைவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்த அவசரத்தில் செய்ததுதான் பீட்ரூட் திருட்டுத்தனம். "ரோஸ் தோசை" என்று சொல்லி இரண்டு நாள் ஏமாற்றினேன். மூன்றாம் நாள் அரைபடாத துண்டு ஒன்று அவள் பல்லில் சிக்கியது. எடுத்துப் பார்த்தாள்... என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து வெள்ளைத் தோசையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இருந்ததும் போச்சு.

எனக்கு ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. லேபிளில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று என்று அனுப்பினால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார். வீட்டில் நான் செய்தது அதேதானே என்று கம்பெனி பஸ்ஸில் வரும்போது உறைத்தது.

எங்கள் லைனில் இன்னொரு ரூலும் உண்டு. எந்தப் பார்ட்டையும் செக் பண்ணாமல் ரிஜெக்ட் பெட்டியில் போடக் கூடாது. போட்டால் காரணம் எழுதி டேக் கட்ட வேண்டும்.

மறுநாள் அவளை உட்காரவைத்து, "பீட்ரூட்ட ஒளிச்சு வச்சது அப்பா தப்புடா. இனிமே நீதான் செக்கிங் ஆபீசர்" என்றேன். என் கம்பெனித் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டு, முன்னால் ஒரு பச்சைக் கிண்ணமும் சிவப்புக் கிண்ணமும் வைத்தேன். பாஸானால் பச்சை, ரிஜெக்ட் என்றால் சிவப்பு. ஆனால் ஒரு கடி கடித்த பிறகுதான் சிவப்பில் போடலாம், ஏன் என்றும் சொல்லவேண்டும்.

முதல் நாள் எல்லாமே சிவப்பு. வெண்டைக்காய் ஏன் ரிஜெக்ட் என்று கேட்டேன்.

"இதுக்கு சளி புடிச்சிகீது."

செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் வெண்டைக்காயை மொறுமொறுவென்று வதக்கினாள். ஆபீசர் யாழினி கடித்தாள், மென்றாள், "சளி போய்டுச்சு" என்று பச்சைக் கிண்ணத்தில் போட்டாள். வெந்த கேரட் நாறுதாம், பச்சைக் கேரட் ஓகேவாம். கீரையில் காம்பு குத்துதாம். யோசித்துப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான், நாங்கள்தான் அதுவரை கேட்டதே இல்லை. பாஸானதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குப் போனது. பீட்ரூட் பாஸாக மட்டும் இரண்டு வருஷம் ஆனது.

ஒரு சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் எனக்குக் கண் சொருகும், உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன்.

அந்த மாசம் எடை பார்க்கும்போது டீச்சர் அவளை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார். "ஏறிகீதுப்பா" என்றார். செல்வி அங்கேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், வீடு வரும்வரை இறக்கிவிடவில்லை.

இப்போது யாழினி ஏழாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஐந்து நிமிஷத்தில் காலி பண்ணிவிட்டு ஓடுகிறாள். அன்றைக்குச் சலித்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரம் இப்போது கிடைக்காதா என்று இருக்கிறது.

போன வாரம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் அப்ளிகேஷனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அங்க சாப்பாடு எப்படி இருக்குமோ..." என்று இழுத்துப் பார்த்தேன்.

"அதான் நான் எது குடுத்தாலும் சாப்பிடுவேனேப்பா" என்றாள்.

எங்களோடு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாடுபட்டுச் சாப்பிடப் பழக்கினோம். அந்தத் தைரியத்தில்தான் இப்போது கிளம்புகிறாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.