கூழுக்கு மூச்சடக்கியவர்

அவரைக் கரி பஸ்ஸில் பார்த்தேன். யுத்தம் பெட்ரோலையெல்லாம் குடித்துவிட்டதால் பஸ்கள் கரிப்புகையில் ஓடிய காலம். ஓடிய என்பது மரியாதைக்குச் சொல்வது. தருவைகுளம் தாண்டியதும் வண்டி படுத்துக்கொண்டது. எதிர் இருக்கையில் அவர்: உப்பில் ஊறிய தேகம், கழுத்தில் ஜெபமாலை. சங்கு குளிக்கிறவர்களுக்குத் தோணியில் கயிறு பிடிப்பவராம்.

என் மடியில் ஏழு மாத மகன். பாலைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்து மெலிந்துகொண்டிருந்தான். குழந்தை வளர்ப்பு பற்றி நான் படித்த புத்தகங்களை அவன் படிக்கவில்லை. மனைவி கேழ்வரகுக் கூழை நீட்டினாள். அவன் உதட்டை இறுக்கி மூடினான்.

எதிரே அவரும் வாயை மூடினார். கன்னம் உப்பியது, முகம் கறுத்தது, கண் பிதுங்கியது.

"ஐயோ, அவரைப் பாருங்க!" என்று மனைவி அலறினாள். பையனும் பார்த்தான், வாய் பிளந்து சிரித்தான். கூழ் உள்ளே போய்விட்டது. விழுங்கியும்விட்டான்! அவர் புஸ்ஸென்று மூச்சு விட்டார்.

"என்ன செய்யுது அண்ணாச்சி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஆளு கடலுக்குள்ள முங்குனா, தோணியில நானும் மூச்ச அடக்கிருவேன். எனக்கு மூச்சு முட்டும்போது அவனக் கயித்துல தூக்கிரணும்லா? அந்தப் பழக்கம். இப்ப கரையிலயும் எதிர்ல யாரு வாய மூடுனாலும் எனக்கு மூச்சு நின்னுருது. நீ ஊட்டு தங்கச்சி."

கிண்ணம் காலியாகும்வரை அவர் முங்கி முங்கி எழுந்தார்.

அதன்பிறகு யாராவது எதிரே முகம் கறுத்தால்தான் பையன் வாய் திறப்பான் என்றாகி, வேளாவேளைக்கு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. அதுகூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பிரசங்கத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த மனிதர் எப்படி உயிரோடு வீடு திரும்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.