குழாய் எட்டாத குடல்

வாய்வழியாக ஒரு குழாய், பின்வழியாக ஒரு குழாய், இரண்டும் எட்டாத சிறுகுடலின் நடுவில் ரத்தம் கொட்டினால் வயிற்று டாக்டர் பாடு திண்டாட்டம்தான். மாட்டிக்கொண்டு முழித்த சகாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்புக்குக் காரணம்

ரஹமத்துல்லா படப்பையில் லேத் பட்டறை வைத்திருந்தார். 2005 வாக்கில், தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, மலம் கறுப்பாகப் போகிறது என்று வந்தார். பழைய சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும் என்பதை விட்டுவிட்டு, அது சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும் என்று மேதாவி மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் பட்டறையில் மயங்கி விழுந்து, முகம் வெளுத்து வந்து சேர்ந்தார். மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டார் என்று அவர் மனைவி ஜமீலாவிடம் அப்போதுதான் கேட்டேன்.

"அத நிறுத்தி ஒரு மாசம் ஆவுது சார். அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வெட்கமாகப் போய்விட்டது.

வெறும் வயிறு

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினோம். ஏறியது இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு குழாயும் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கொஞ்சம் நிதானப்பட்டதும், விழுங்கினால் குடல் நெடுகப் படமெடுத்துப் போகும் கேமரா மாத்திரையை இரவல் கருவியோடு வரவழைத்தேன். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி, தாங்குவாரா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"முப்பது நாள் நோம்பு புடிக்கிறவன் சார் நானு. மாத்திரைய குடுங்க."

விளக்கை அணைத்தோம்

படத்தில் சிறுகுடலின் முன்பாதியில் எங்கோ சிவப்பாகக் கொப்பளித்தது. எங்கே என்று படம் சொல்லாது. மறுபடி ரத்த அழுத்தம் சரிந்தது, வயிற்றைத் திறந்தோம். குடலில் சின்னதாக வெட்டி, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள என் குழாயை உள்ளே விட்டேன். சர்ஜன் அம்மா, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி குடலை அதன்மேல் ஏற்றிக்கொண்டே வந்தார். தியேட்டர் விளக்கை அணைத்ததும் குழாய் வெளிச்சத்தில் குடல் சிவந்து தெரிந்தது. நான்காவது அடியில், கடுகளவு ரத்தக்குழாய் ஒன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அம்மாவோ அந்த இடத்தில் ஒரு தையலைப் போட்டு அடையாளம் வைத்துவிட்டுச் சொன்னார்:

"லைட்டைப் போடுங்க. இனி வெட்டித் தைக்கிறது என் வேலை."

ஐந்தாம் நாள்

புறநோயாளிகள் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, ஜமீலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர், கையில் இனிப்புப் பெட்டி.

"சார், மஞ்சளா போயிட்டாரு சார்."

ஒரு மனுஷன் ஒழுங்காக வெளிக்குப் போனதற்கு நாற்பது பேர் ஜாங்கிரி தின்று கொண்டாடுகிற பெருமை எங்கள் தொழிலைத் தவிர வேறெதற்கும் வாய்க்காது.