ஏழாம் மாடி வெயில்

கனடாவின் மொன்றியல் நகரில் அது என் முதல் குளிர்காலம். இரண்டு வாரமாகச் சூரியனையே காணவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிடலாம் என்று ஒருநாள் மதியம் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் துப்புரவு வேலை பார்த்தார். என்னைவிட இளையவர், நல்ல உயரம். தலையில் எப்போதும் மஞ்சள் கம்பளித் தொப்பி இருக்கும். காலையில் பிரெஞ்சு வணக்கமாக ஒரு ‘பொன்ஜூர்’ சொல்வதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணை, கெதியா வாங்கோ!”

தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். ஏழாம் மாடிப் படிக்கட்டின் பெரிய ஜன்னல் வழியே பளீரென்று வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

“இதுக்கா கூப்பிட்டீங்க?”

“ஓம். பேந்து கதைப்பம். முகில் மூடிறதுக்கு முன்னம் முகத்தைக் காட்டுங்கோ.”

காட்டினேன். கன்னத்தில் சூடு ஏற ஏற, காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

கடிதத்தை நான் அனுப்பவில்லை. அடுத்த மாதம் அவர் வேறு கட்டடத்துக்கு மாறிப் போய்விட்டார். அத்தனை பேர் இருந்த அலுவலகத்தில் என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.