உப்பு வெள்ளையாக விழுந்த படம்

சண்முகப்ரியா போட்டோ எடுத்தால் யாருக்காவது தலை இருக்காது. சொந்த மகளின் காதுகுத்துக்கு அவள் எடுத்த நாற்பது படங்களில் முப்பதில் தாய்மாமன் கழுத்தோடு நின்றுவிட்டார். “எந்தங்கச்சி கைக்கு எல்லா வேலையும் வரும், போட்டோவத் தவிர” என்று அக்கா செல்லக்கனியே சொல்லிச் சிரிப்பாள். அது ஒன்றைத் தவிர, தங்கையைப் பற்றி அவள் வாயிலிருந்து வேறொரு குறை வராது.

பன்னிரண்டாவது முடித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீஸில் ஏழு வருடம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள் சண்முகப்ரியா. மூன்று வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு அக்காவோடு உப்பளத்துக்கு வந்தாள். முத்தையாபுரத்துக்குக் கிழக்கே பத்து ஏக்கர், குத்தகை அளம். செல்லக்கனி ஐந்தாவதோடு பள்ளியை விட்டு அளத்தில் இறங்கியவள். பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டே உப்பு என்றைக்கு விளையும் என்று சொல்லிவிடுவாள். வாரிய உப்பை அம்பாரமாகக் குவிக்கும்போது ஒரு மண்துகள் கூடச் சேரவிட மாட்டாள். வெளியாட்களிடம் பேசுவதும் எழுதுவதும் தங்கை பொறுப்பு.

இத்தனை நாளும் உப்பு தரகர் வழியாகத்தான் போயிற்று. இந்த வருடம் நேராக விற்பது என்று சண்முகப்ரியா பிடிவாதமாக நின்றாள். திண்டுக்கல்லில் ஊறுகாய்க் கம்பெனி வைத்திருக்கும் கிருபாகரன் என்பவரை அவளே தேடிப் பிடித்துப் போனில் பேசினாள்.

“மூணு அளத்துல கேட்டிருக்கேன் மேடம்” என்றார் அவர். “போட்டோ அனுப்புங்க. எது வெள்ளையா இருக்கோ, வருஷம் பூரா அங்கதான் எடுப்பேன். வியாழக்கிழமை முடிவு பண்ணிடுவேன்.”

அன்று திங்கட்கிழமை. அக்காவும் தங்கையும் அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் கண் கூசியது. இதைவிட வெள்ளை உப்பு எங்கே இருக்கப்போகிறது!

சண்முகப்ரியா உச்சிவெயிலில் அம்பாரத்தின் முன்னால் போய் நின்று, போன் முழுக்க உப்பாக வரும்படி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ‘போன வருஷத்து உப்பா மேடம்?’

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. படத்தில் உப்பு அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. போதாததற்கு மேலே பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல்.

செல்லக்கனி போனைத் திருப்பிப் பார்த்தாள். உப்புக்காற்று பட்டுப் பட்டு கேமராக் கண்ணாடியில் ஒரு படலம் பிடித்திருந்தது. தங்கை முந்தானையால் துடைக்கப் போனாள்.

“ஏளா, அதால துடைக்காத! சேலை பூரா உப்புத்தூளு. கண்ணாடியக் கீறிரும்.”

வீட்டிலிருந்து பழைய வேட்டித் துணியைக் கொண்டுவந்து, குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றியெடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தாள். மங்கல் போயிற்று. சாம்பல் நிறம் போகவில்லை.

பக்கத்து அளத்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி வரப்பில் வந்து நின்றார். “இதுக்கா இம்புட்டுப் பாடு? போன்லயே வெள்ளையடிக்கலாம்னு எம்மவன் சொல்லுதான்.”

செவ்வாய்க்கிழமை சண்முகப்ரியா அதையும் செய்து பார்த்தாள். ‘சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி இருக்கு மேடம். உண்மையான படம் அனுப்புங்க’ என்று பதில் வந்தது.

“நம்ம உப்புக்குப் பவுடர் பூசினா பொய்யாத்தானளா தெரியும்” என்றாள் செல்லக்கனி. புதன்கிழமை காலையில் அவளே ஏற்பாட்டில் இறங்கினாள். தன் உப்பு மட்டும்தான் படத்தில் தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம். மண்வெட்டி, கூடை, கறுப்பு பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாள். அம்பாரத்தின் ஓரத்தில் கிடந்த ஓலைத்துணுக்கு வரை பொறுக்கினாள். கல்யாணவீட்டு மணவறை மாதிரி ஆகிவிட்டது அந்த இடம்.

படம் முன்னைவிட மோசம். சிமெண்ட் மூட்டையைக் கொட்டிவைத்தது போலிருந்தது.

“விடுக்கா, தரகர்ட்டயே குடுத்துருவோம்.” சண்முகப்ரியா போனை இடுப்பில் செருகப் போனாள். “நாந்தான் பெருசா நேரா விக்கப்போறேன்னு நின்னேன்.”

“கடைசியா ஒண்ணு எடு. இரு, அங்கன ஒரு நார் கெடக்கு.” செல்லக்கனி குனிந்து கையை நீட்டினாள்.

“எக்கா! அசையாத!”

“பாம்பா?”

“பாம்புமில்ல, பல்லியுமில்ல. கைய அப்படியே வை!”

போன் திரையில், செல்லக்கனியின் கரிய கை குறுக்கே வந்த உடனே உப்பு பளிச்சென்று வெளுத்திருந்தது. கையை எடுக்கச் சொன்னாள், சாம்பல். வைக்கச் சொன்னாள், வெள்ளை. எடுக்க, வைக்க, எடுக்க, வைக்க.

“என்னளா, கும்மியடிக்கச் சொல்லுதியா?”

“வெறும் வெள்ளையக் காட்டினா கண்ணு கூசுதுன்னு இது தானா இருட்டாக்கிக்கிடுது போலக்கா. கறுப்பா ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் வெளிச்சத்தக் கூட்டுது. நீ இருந்த கறுப்பு எல்லாத்தையும் பெருக்கி எடுத்துட்ட!”

அன்று முழுக்க அவள் போனும் கையுமாக அலைந்தாள். திரையில் கை இருக்கும் இடத்தைத் தொட்டால் உப்பு வெளுக்கிறது. அளவுக்கு மீறி வெளுத்தால் கல் தெரியாமல் வெறும் சுண்ணாம்பாகிறது. அப்போது ஓரத்தில் வரும் சூரியக் குறியை விரலால் மெல்லக் கீழே இழுக்க வேண்டும். உச்சிவெயிலைவிடச் சாய்ந்த வெயில்தான் கல்லைக் கல்லாகக் காட்டுகிறது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் அம்பாரத்துக்கு வந்தார்கள். கிழக்கிலிருந்து வெயில் பக்கவாட்டில் விழுந்தது.

“ஒரு கை உப்ப அள்ளிக் காட்டுக்கா.”

செல்லக்கனி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். முப்பது வருட உப்புத்தண்ணீர் பட்டு அங்கங்கே வெடித்திருந்தது. “இந்தக் கையையா? ஊறுகா விக்கிறவரு பாத்தா என்ன நெனைப்பாரு? ஒரு சொட்டு எண்ணெயாவது தடவிக்கிடுதேன்.”

“தடவினா மினுங்கும். உப்பு வாருன கையி எப்படி இருக்கோ அப்படியே காட்டு.”

கைப்பள்ளத்தில் கல் உப்பு. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் சின்ன நிழல். பின்னால் வெள்ளைவெளேர் என்று அம்பாரம். நாலைந்து எடுத்து, நல்லதாக ஒன்றை மட்டும் அனுப்பினாள். எட்டு மணிக்குப் போன் அடித்தது.

“இதுல பில்டர் ஏதும் இல்லையே மேடம்?”

“இல்ல சார். வேணும்னா வீடியோ கால்ல வாங்க.”

“வேண்டாம். கையில இருக்கிற வெடிப்பே தெரியுது, அப்புறம் உப்புல என்ன பொய் இருக்கப்போகுது? லாரி சனிக்கிழமை வரும். யாரு கை அது?”

“எங்க அக்கா கை சார். அந்த உப்பை வாருன கை.”

செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிடக்காத ஓலைத்துணுக்கைத் தேடினாள்.

சனிக்கிழமை லாரி வந்து உப்பேற்றிக்கொண்டு போனதை வரப்பில் நின்று பார்த்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி, மறுநாளே ஆள் அனுப்பினார். அக்காவும் தங்கையும் போனார்கள். அண்ணாச்சி சட்டைக் கையை மடித்து, தன் அம்பாரத்தில் ஒரு பிடி அள்ளி நீட்டியபடி தயாராக நின்றார்.

சண்முகப்ரியா திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அண்ணாச்சி, உங்க கையும் உப்பு நெறத்துலல்லா இருக்கு! வெயிலே படாத கைய வச்சு நான் என்ன செய்ய?”

“அப்ப உங்கக்கா கைய வச்சு எடுளா.”

“அது எங்க உப்ப வாருன கை. ஒங்க உப்ப வாருனது யாரு?”

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். பிறகு பாத்திப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார். “ஏலே தங்கப்பாண்டி! வேலைய வச்சிட்டு இங்கன வா. ஒன்னயப் போட்டோ எடுக்கணுமாம்.”

தங்கப்பாண்டி ஓடிவந்து, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்து நின்றான். கை மட்டும் போதும் என்று சொல்ல சண்முகப்ரியாவுக்கு மனம் வரவில்லை. இரண்டடி பின்னால் போய், போனை உயர்த்தினாள்.

“தலையும் விழணும்ளா” என்றாள் செல்லக்கனி.

விழுந்தது.