பதினேழாம் நம்பர்

கண்டியில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பது என் வேலை. காலை ஆறு மணிக்கு போன் எடுக்கத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் முப்பது நம்பரும் முடிந்துவிடும். யாராவது வராவிட்டால், அந்த நம்பரைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். அதைத் தவறென்று நான் நினைத்ததே இல்லை.

அன்று பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண், இருமும் மகளோடு வந்தார். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை; முந்தைய இரண்டு தடவையும் நம்பர் கிடைக்காமல் திரும்பியிருந்தார்.

"நம்பர் முடிஞ்சிருச்சு. போன் பண்ணிட்டு வாங்க," என்றேன்.

"எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல சிக்னல் இல்ல மிஸ். யாராவது வராம போவாங்கதானே, இருக்கேன்," என்று கதிரையில் உட்கார்ந்தார்.

பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. வழக்கம்போல, அப்போதுதான் வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலையசைத்தேன். அந்தப் பெண் எழுந்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் மிஸ். இவங்க எனக்குப் பொறகு வந்தவங்க."

அவர் சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. எனக்கு முகம் சுட்டது. தாயையும் மகளையும் உள்ளே அனுப்பினேன்.

மறுநாள் ஐந்து நம்பர்களை போனில் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

"நான்தான் நிறுத்தினேன் சேர். தூரத்துல இருந்து நேர்ல வாறவங்களுக்கு."

இன்றும் முதல் பஸ் வரும்வரை அந்த ஐந்தையும் யாருக்கும் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை.