கொக்குகளைக் கழுவியவள்

இது கனவில் கண்டதல்ல. பட்டப்பகலில், இடுப்பில் குடத்தோடு நின்று, இந்தக் கண்ணால் பார்த்தது.

முப்பத்தொன்றாம் வருடம், சித்திரை மாதம். மோகனூரில் காவேரி இளைத்துக் கிடந்தது. அக்கரையிலிருந்து சீமெண்ணெய்ப் பீப்பாய்களை ஏற்றி வந்த பெரிய படகு, நடு ஆற்றில் பாறை மேல் ஏறிக் கவிழ்ந்துவிட்டது. பின்னால் நின்று கோல் போட்டு வந்த அங்கமுத்து நீந்திக் கரையேறினார். உடைந்த பீப்பாய்களிலிருந்து எண்ணெய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஆறு மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது. கெண்டையும் கெளுத்தியும் செத்து மிதந்தன. அவற்றைத் தின்ன வந்த கொக்குகள் இறகு ஒட்டிப்போய், பறக்க முடியாமல் மணலில் தத்தின. எங்கள் எருமை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாயங்காலமே விழுந்தது.

அதற்கடுத்த நாள், உச்சி வெயில். மணலில் தோண்டிய ஊற்றுக்குக் குடிதண்ணீர் எடுக்கப் போனேன்.

அங்கே ஒருத்தி குந்தியிருந்தாள். கொக்கு ஒன்றை எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் அரப்புப் பொடி போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கமுத்துவின் மனைவி சின்னாயி. அக்கரையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தவள்.

“எப்பப் புள்ள வந்த?”

அவள் கொக்கின் இறகைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“கழுவக் கழுவப் போக மாட்டேங்குதுங்க, சாரதாக்கா…”

சலக்… சலக்… சத்தம் கேட்டது. தண்ணீர் அசையவில்லை.

“இந்த ஊத்து வேண்டாங்க. அடியில எண்ணெ எறங்கிருச்சு. மேக்கால தோண்டுங்க.”

பிறகு, தலை நிமிராமலே கேட்டாள்.

“அவரு… கரையேறிட்டாருங்களா?”

ஊருக்கே தெரிந்த சேதி அது.

“ஏறிட்டாரு புள்ள. நல்லாத்தான் இருக்காரு.”

பெருமூச்சு விட்டாள். சேலையிலிருந்து நீர் சொட்டியது.

கீழே மணல்… காய்ந்திருந்தது.

குடம் நழுவியது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தேன்.

கொக்கு மட்டும் கிடந்தது.

செத்து.

ஓடினேன்.

வழியில் அங்கமுத்து. “உம்பொண்டாட்டி ஊத்துக்கிட்ட…” நான் முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்து ஆற்றுக்கு ஓடினார். பொழுது சாயும்வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

நாங்கள் மேற்கே தோண்டினோம். எவ்வளவு சொல்லியும் பழைய ஊற்றிலேயே மொண்ட குப்பாயியின் கைக்குழந்தை, வாந்தி நிற்காமல் அன்றிரவே போய்விட்டது.

விடிந்ததும் சின்னாயியின் தம்பி தீர்த்தகிரி பரிசலில் வந்து இறங்கினான்.

“அக்கா எங்கீங்க மாமா?”

“நேத்து ஊத்துக்கிட்டத் தேடியும் காணலியே. அவ உங்கூட்லதான இருக்கா?”

“என்னங்க மாமா! கெளம்பற நேரத்துல நானும் வாரேன்னு ஓடியாந்துச்சு. உங்க படகுல நாந்தானுங்களே ஏத்தி உட்டேன்? பீப்பாய்ங்களுக்கு முன்னால உக்காந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எருதுகளைப் பூட்டிப் படகை இழுத்தார்கள்.

அடியில் இருந்தாள்.

அங்கமுத்து அவளைத் தோளில் சுமந்து வந்து என் முன்னால் மணலில் கிடத்தினார். அழவில்லை. அவள் முகத்தில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துண்டால் துடைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“எங்கிட்ட… ஏனுங்கக்கா வரல?”