ஏழு நிமிடம் நிற்கிற பஸ்

வீட்டில் அவளுக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். வைத்தவள் அக்கா. என்ன வேலைக்குப் போகப்போகிறாய், எதில் பயிற்சி எடுக்கப்போகிறாய், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சட்டை போடப்போகிறாய் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பார்க்கலாம்." அக்கா ஐந்து வயதிலேயே பொம்மைக்கு ஊசி போட்டவள், சொன்னபடி நர்ஸாகியும் விட்டாள். தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிகிற வரைக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள்.

எதிலும் மனம் ஒட்டவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றிலும் ஒட்டியதுதான் தொல்லை. மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் ஏதாவது ஓர் இடத்தில் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அதற்கு இடம் பார்க்க இரண்டு மாதமாக ஊரைச் சுற்றினாள். பல் செட் செய்கிற கூடத்துக்குப் போய் வந்த அன்று வீட்டில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். வானொலி நிலையத்துக்குப் போன வாரம் குளியலறைக்குள்ளிருந்து செய்தி வாசித்தாள். அச்சகம், நீதிமன்றம், நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிற இடம் என்று மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் 'இதுதான், இதேதான்!' என்று தலைகால் புரியாமல் துள்ளுவாள். மூன்றாம் நாள் அடங்கிவிடுவாள்.

படிவத்தில் பயிற்சி இடத்தின் முத்திரை வாங்கி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன என்பதை அப்பா முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். சித்தப்பாவின் இன்சூரன்ஸ் அலுவலகம். சித்தப்பா தங்கமான மனிதர். அண்ணன் மகளுக்காக ஜன்னலோரம் ஒரு மேஜையைத் துடைத்தே வைத்துவிட்டார். அந்த மேஜைதான் இவளைப் பயமுறுத்தியது. சித்தப்பாவும் அந்த அலுவலகத்துக்கு 'ஒரு ஆறு மாசம் இருந்து பார்ப்போம்' என்று போனவர்தான். இருபத்தாறு வருடம் ஆகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல், தங்கையின் நோட்டைப் பிடுங்கினாள்.

"குடு. பதினோரு இடம் போனியே, என்னதான் எழுதி வச்சிருக்கேன்னு பார்ப்போம். எதைப் பத்தி நிறைய எழுதியிருக்கியோ அங்கேயே போயிடு."

புரட்டினாள். புருவம் உயர்ந்தது. இன்னும் புரட்டினாள். பிறகு கட்டிலில் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி இது? பல் செட்டு பத்தி ரெண்டு வரி. அங்கே போன பஸ்ஸைப் பத்தி ஒன்றரைப் பக்கம்! கேளு: 'பதினாலாம் நம்பர் பஸ் மருத்துவமனை ஸ்டாப்புக்கு 8.12. இருபத்தேழு அங்கேயிருந்து 8.10க்குக் கிளம்பிடுது. ரெண்டு நிமிஷத்துல இன்னைக்கும் போச்சு. அடுத்தது 8.30.' இது அச்சகம் போன அன்னைக்கு: 'இருபத்தேழு கடைசி ஸ்டாப்புல ஏழு நிமிஷம் சும்மா நிக்குது. சுத்த சோம்பேறித்தனம்.' நீதிமன்றத்துல ஜட்ஜைப் பத்தி ஒண்ணுமே இல்லையேடி!"

"கடுப்புல எழுதினது. விடேன்."

"கடுப்புல யாராவது கலர் பேனா வச்சுக் கோடு போடுவாங்களா? ஆமா, இந்த நேரத்தையெல்லாம் யாருடி போடுறது?"

அவள் நோட்டைத் திரும்ப வாங்கிப் புரட்டினாள். இரண்டு வருடமாகத் தினமும் திட்டுகிறாள். டிரைவரைத் திட்டியிருக்கிறாள், சிக்னலைத் திட்டியிருக்கிறாள், மழையைக்கூடத் திட்டியிருக்கிறாள். யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து 8.10 என்று எழுதியிருப்பார் என்பது ஒருநாளும் தோன்றவே இல்லை. மறுநாள் மதியம் வகுப்பு முடிந்ததும், நேரம் போடுகிற இடம் எதுவென்று கண்டக்டரிடம் விசாரித்து, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இருபத்தேழில் ஏறிவிட்டாள்.

அட்டவணைப் பிரிவு கடைசி நிறுத்தத்துக்கு எதிரே, டிப்போவின் மாடியில் இருந்தது. ஒரே அறை. ஒரு மின்விசிறி, இரண்டு கணினி, ஒரு நாற்காலி. அதில் அட்டவணைக்காரர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடி தலைமேல், வாயில் பேனா மூடி. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு தாள். மேலே காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுவரை மணி. ஓரத்தில் நிறுத்தங்களின் பெயர். நடுவே நூற்றுக்கணக்கான சாய்ந்த கோடுகள், பஸ்ஸுக்கு ஒன்று.

அவள் வணக்கம் சொல்ல மறந்தே போனாள். நேரே சுவரிடம் போய் விரலை வைத்தாள்.

"ஐயோ, இது என் பஸ்!"

பதினாலின் கோடு நீலம், இருபத்தேழு சிவப்பு. மருத்துவமனை நிறுத்தத்தில் இரண்டுக்கும் நடுவே நகம் அளவு இடைவெளி. அவள் தினமும் பதினெட்டு நிமிடம் நிற்பது அந்த நகத்துக்குள்தான். உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

"யாரும்மா நீ? புகார்னா கீழே ஜன்னல்ல குடு."

"புகார் இல்லை மேடம். இந்த இருபத்தேழை மூணு நிமிஷம் நிறுத்தி வச்சா போதும். நாப்பது பேர் பிழைச்சுப்போம்."

அட்டவணைக்காரர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "அந்த மூணு நிமிஷத்தை எங்கேருந்து எடுக்கிறது? உங்க வீட்டுலேருந்தா?"

"இங்கே கடைசி ஸ்டாப்புல ஏழு நிமிஷம் சும்மாதானே நிக்குது?"

"சும்மாவா? அந்த டிரைவர் அஞ்சு மணிக்கு உக்காந்தவர். இங்கே வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் ஸ்டியரிங்கை விடலை. அந்த ரூட்டு முழுக்க ஒரே ஒரு கழிப்பறை, இதோ கீழே இருக்கு. போயிட்டு வந்து, முகம் கழுவி, ஒரு வாய் தண்ணி குடிக்க ஏழு நிமிஷம். நான் சண்டை போட்டு வாங்கினது. அதுல கை வச்சே, தெரியும் சேதி!"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. 'சுத்த சோம்பேறித்தனம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாளே! வெட்கம் அரை நிமிடம்தான். அடுத்த நொடி கண் நீலக் கோட்டுக்குத் தாவியது.

"அப்போ பதினாலுல எடுக்கலாம் மேடம். 7.50க்குப் பள்ளிக்கூடம் வாசல்ல மாட்டிக்குது. பாருங்க, இருபத்தொன்பது நாள் குறிச்சிருக்கேன். மூணு நிமிஷம் முன்னாடி கிளம்பினா கூட்டத்துக்கு முன்னாடி தாண்டிடும்."

அட்டவணைக்காரர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சொன்னது பாராட்டாக இல்லை.

"இதுல மழை நாள் ஒண்ணுகூட இல்லை. பரீட்சை நாள் இல்லை. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற நாள் இல்லை. இதை வச்சு நான் எப்படி மாத்துறது?"

வேறு யாராக இருந்தாலும் மனம் ஒடிந்திருக்கும். அவளுக்கோ புது அலமாரியைத் திறந்து காட்டின மாதிரி இருந்தது. மழை நாள்! பரீட்சை நாள்! இன்னும் எத்தனை நாள்கள் குறிக்கக் கிடக்கின்றன! இருவரும் சுவர் முன்னால் நின்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அவள் சொன்ன ஆறு யோசனையில் ஐந்து தவிடுபொடி. ஆறாவதுக்கு அட்டவணைக்காரர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" அவளுக்கு மலையளவு சந்தோஷம்.

"மேடம், இங்கே ஆறு மாசம் பயிற்சிக்கு வரட்டுமா?"

"இங்கேயா? இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே. உக்கார இன்னொரு நாற்காலிகூடக் கிடையாது."

"நின்னுக்கிறேன் மேடம். ரெண்டு வருஷமா பஸ்ல அதான் பண்றேன்."

அட்டவணைக்காரர் சிரித்துவிட்டார். முத்திரையைத் தேடி எடுத்து, மை காய்ந்திருந்ததால் இரண்டுமுறை ஊதி, படிவத்தில் ஓங்கிக் குத்தினார். மணி மூன்றே கால்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். இருபத்தேழு நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் வந்திருந்தது, டிரைவர் இருக்கை காலி. கல்லூரிக்கு முப்பது நிமிடம். சாலையில் எங்காவது மாட்டிக்கொண்டால் ஜன்னலோர மேஜைதான்.

பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொண்டார். "பார்த்தீங்களா? நமக்குத்தான் அவசரம். இவங்க சும்மா நிப்பாட்டிட்டு எங்கேயோ போயிடுறாங்க."

"சும்மா இல்லைங்க," என்றாள் அவள், படிவத்தை இறுக்கிப் பிடித்தபடி. "ஏழு நிமிஷம். இன்னும் நாலு இருக்கு. வரட்டும்."

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஏழு நிமிடம். நோட்டைத் திறந்து 'சுத்த சோம்பேறித்தனம்' என்பதை அடித்தாள்.

மூன்று ஐம்பத்தாறுக்குப் படிவம் கல்லூரி அலுவலக மேஜைமேல் இருந்தது. வராந்தாவுக்கு வந்து மூச்சு வாங்க அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, சித்தப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் வரலை. எனக்கு இடம் கிடைச்சிடுச்சு!"

"என்ன வேலைம்மா?"

"பஸ் எப்போ வரணும், எப்போ போகணும்னு நேரம் போடுற வேலை."

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைக் கனைத்தார். கோபமோ என்று அவளுக்குப் பக்கென்றது. சித்தப்பா பாவம், மேஜையைத் துடைத்தாரே என்று அப்பா ஆரம்பிக்கப்போகிறார் என நினைத்தாள்.

"அப்படின்னா," என்றார் அப்பா, குரலில் பல வருட ஆத்திரத்தோடு, "நம்ம தெருமுனையில ஒன்பது பத்துக்கு வர வேண்டிய வண்டி ஏன் வரவே மாட்டேங்குது? அதை முதல்ல கேளு!"

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனாவைத் தேடினாள்.

"குறிச்சுக்கிறேன்ப்பா. சொல்லுங்க, எந்தெந்த நாள்?"